சிலிண்டருக்குள் ஒரு கூட்டணி

பல ஏசிகளுக்குள் ஓடுவது ஒரே வாயு அல்ல, இரண்டு மூன்று வாயுக்களின் கலவை. அவற்றை ஏன் சேர்த்தார்கள்? அந்தச் சேர்க்கை எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது?

அக்னி நட்சத்திரம். மூன்றாவது மாடி. ஏசி ஓடுகிறது, காற்றும் வருகிறது, குளிர் மட்டும் வரவில்லை. ஜன்னல் வழியாக சன்ஷேடில் இறங்கிய மெக்கானிக், அவுட்டோர் யூனிட்டில் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே நீட்டுகிறார்: "கேஸ் கம்மியா இருக்கு சார். லைட்டா ஏத்திட்டா போதும்."

கோடைதோறும் ஆயிரக்கணக்கான வீடுகளில் கேட்கும் வசனம் இது. இது சரியா தவறா என்பது, அந்தச் செம்புக் குழாய்க்குள் ஓடுவது எது என்பதைப் பொறுத்தது. ஆர்-22, ஆர்-32 போன்ற ஒற்றை வாயு என்றால், கசிவை அடைத்துவிட்டுக் குறைந்ததை ஏற்றிக்கொள்ளலாம். ஆர்-407சி போன்ற கலவை என்றால், 'லைட்டா ஏத்தினால்' முன்பிருந்த ஏசி திரும்பி வராது. குழாய்க்குள் இருப்பது வேறொரு கலவையாகியிருக்கும். அதற்குப் பெயரும் கிடையாது, அட்டவணையும் கிடையாது.

ஒருவரால் ஆகாத காரியம்

மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, ஏசியும் அப்படித்தான் குளிர்விக்கிறது. பானைச் சுவரில் கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பானையில் ஆவியானது காற்றோடு போய்விடும். ஏசியில் அதைத் தப்பவிடுவதில்லை. அறைக்குள் இருக்கும் காயிலில் கொதித்து ஆவியான திரவத்தைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்துகிறது. அழுத்தத்தில் சூடேறிய ஆவி, வெளியே இருக்கும் காயிலில் வெப்பத்தைக் கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகிறது. குறுகலான வழியொன்றில் புகுந்து அழுத்தம் குறைந்து, மறுபடி அறைக்குள் கொதிக்க வருகிறது. இதே எந்திரம், வெளிக்காற்றின் வெப்பத்தை அள்ளி வீட்டுக்குள்ளோ தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ கொட்டினால் அதுதான் ஹீட் பம்ப்.

சுற்றி வரும் அந்தத் திரவத்திடம் நாம் எதிர்பார்ப்பது கொஞ்சநஞ்சமல்ல. சரியான வெப்பநிலையில் கொதிக்க வேண்டும். அழுத்தம் குழாயை உடைக்கக் கூடாது. தீப்பிடிக்கக் கூடாது. மூச்சில் போனால் ஆளைக் கொல்லக் கூடாது. கம்ப்ரசர் எண்ணெயோடு ஒத்துப்போக வேண்டும். ஓசோனைத் துளைக்கக் கூடாது, பூமியைச் சூடாக்கவும் கூடாது.

1930-ல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லி, தன் புதிய வாயுவை மூச்சாக இழுத்து ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்பதற்கு அதுவே சாட்சி. ஃப்ரியான் என்று உலகமே அறிந்த அந்தக் குடும்பம், பட்டியலின் முதல் ஐந்து நிபந்தனைகளையும் நிறைவேற்றியது. ஆறாவது நிபந்தனை இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 1974-ல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் அதைச் சொன்னார்கள்: இந்த வாயுக்களில் உள்ள குளோரின் ஓசோனை அழிக்கிறது. 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் ஓட்டை கண்ணில் பட்டது. அத்தகைய வாயுக்களை ஒழிக்க 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. குளோரினை நீக்கிய புதிய வாயுக்கள் வந்தபோது ஏழாவது நிபந்தனை எழுந்தது. அவை ஓசோனை விட்டுவிட்டன, ஆனால் பூமியைச் சூடாக்கின. அவற்றைக் குறைப்பதற்கான கிகாலி திருத்தம் 2016-ல் வந்தது.

எல்லா நிபந்தனைக்கும் பொருந்தும் ஒரே பொருள் எங்காவது ஒளிந்திருக்குமோ? அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தின் மார்க் மெக்லின்டனும் குழுவினரும் இதற்காக 6 கோடி வேதிக் கட்டமைப்புகளைக் கணினியில் சலித்துப் பார்த்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சல்லடையில் மிஞ்சியவை 27. அவற்றிலும் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு குறை இருந்தது. தனியாக ஆளத் தகுதியானவர் இல்லாதபோது கூட்டணிதான் வழி.

தீயணைக்க வந்தவர்

கூட்டணிக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதற்கு ஆர்-410ஏ நல்ல உதாரணம். 1990-களில் வந்து, ஆர்-22-இன் இடத்தை உலகெங்கும் பிடித்துக்கொண்டது இதுதான். இதில் இரண்டே உறுப்பினர்கள், எடையில் சரிபாதி. ஒருவர் ஆர்-32. நன்றாகக் குளிர்விப்பார், ஆனால் லேசாகத் தீப்பிடிக்கும் குணம் உண்டு. மற்றவர் ஆர்-125. இவரைத் தீயணைப்புக் கருவிகளிலேயே பயன்படுத்துகிறார்கள். அவருடைய குணத்தை இவர் அடக்க, கலவை தீப்பிடிக்காததாகிவிட்டது.

அதற்குக் கொடுத்த விலை என்ன? நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஆர்-32 கார்பன் டை ஆக்ஸைடைப் போல 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆர்-125 செய்வது 3,500 மடங்கு. கலவைக்குக் கணக்கு எளிது: எடைப்படி சராசரி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 2,088. அதாவது, ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் கலந்தால், இரண்டு டன்னுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்ஸைடை விட்டதற்குச் சமம். தீப்பிடிக்கும் பயத்தைப் போக்க வந்தவர், பூமியைச் சூடாக்கும் அளவை மூன்று மடங்காக்கிவிட்டுப் போனார்.

இன்று இந்தியக் கடைகளில் 'ஆர்-32' என்று எழுதி விற்கும் ஏசிகள், அந்தக் கூட்டணியிலிருந்து ஆர்-125-ஐ வெளியே அனுப்பிவிட்டு வந்தவைதான். லேசான தீக்குணத்தை ஏற்றுக்கொண்டு, வாயுவின் அளவிலும் பாதுகாப்பு விதிகளிலும் கவனத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

எப்போது கொதிக்கும்?

கலவைகளின் நல்லதும் கெட்டதும் ஒரே குணத்திலிருந்துதான் பிறக்கின்றன. சுத்தமான திரவம், அழுத்தம் மாறாதவரை, ஒரே வெப்பநிலையில் கொதிக்கும். கடைசிச் சொட்டு ஆவியாகும்வரை அந்த அளவு அசையாது. கலவை அப்படியல்ல. சீக்கிரம் கொதிப்பவர் முதலில் ஆவியாகிப் புறப்பட, மிஞ்சிய திரவத்தில் மெதுவாகக் கொதிப்பவரின் பங்கு கூடிக்கொண்டே போகும். அதனால் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகும். இந்த ஏற்றத்தைத்தான் இந்தத் துறையில் 'கிளைடு' என்கிறார்கள்; சறுக்கல்.

சறுக்கல் எவ்வளவு என்பது உறுப்பினர்களின் கொதிநிலைகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆர்-32 கொதிப்பது மைனஸ் 51.7 டிகிரியில், ஆர்-125 மைனஸ் 48.1-ல். பக்கத்து வீட்டுக்காரர்கள். எனவே ஆர்-410ஏ-யின் சறுக்கல் 0.1 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. அதே இருவரோடு மைனஸ் 26.1-ல் கொதிக்கும் ஆர்-134ஏ-வைச் சேர்த்தால் ஆர்-407சி கிடைக்கிறது. இதில் சறுக்கல் ஏழு டிகிரி வரை போகும்.

சில ஜோடிகள் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தால் சறுக்கலே இல்லாமல் ஒரே பொருளைப் போலக் கொதிக்கும். சாராயத்தை எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் சுமார் 95 சதவீதத்துக்கு மேல் சுத்தமாகாததற்கு இதுதான் காரணம். அந்த விகிதத்தில் ஆல்கஹாலும் தண்ணீரும் பிரியாமல் கைகோத்தே ஆவியாகின்றன. இத்தகைய பிரியாத ஜோடிகளுக்கு 500 வரிசை எண்களும், பிரிந்துபோகும் கலவைகளுக்கு 400 வரிசை எண்களும் கொடுத்திருக்கிறார்கள். சிலிண்டரில் இருக்கும் எண்ணைப் பார்த்தே உள்ளே இருக்கும் உறவு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

ஆர்-500 பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி. அதற்காகச் செய்த எந்திரத்தை 50 சுழற்சி மின்சாரத்தில் ஓட்டினால், மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், குளிரும் அந்த அளவுக்குக் குறையும். எந்திரத்தை மாற்றாமல் வாயுவை மாற்றினார்கள். ஃப்ரியான் குடும்பத்து ஆர்-12-உடன் கால்பங்கு சொச்சம் ஆர்-152ஏ சேர்த்தபோது, இழந்த குளிர் ஏறக்குறைய முழுதாகத் திரும்பி வந்தது.

மிக்சர் டப்பா

வீட்டில் மிக்சர் டப்பாவைத் திறந்து வைத்துப் பாருங்கள். முதலில் காணாமல் போவது முந்திரி, அடுத்து வேர்க்கடலை. கடைசியில் அடியில் கிடப்பது ஓமப்பொடித் தூள். அதன் மேல் புதுப் பாக்கெட்டைக் கொட்டினால் டப்பா நிறையும், பழைய ருசி வராது.

சறுக்கல் உள்ள கலவை கசியும்போதும் இதுதான் நடக்கிறது. குழாயில் ஆவி நிற்கும் இடத்தில் ஓட்டை விழுந்தால், எளிதில் ஆவியாகும் உறுப்பினர்கள் முதலில் தப்பிப் போகிறார்கள். ஆர்-407சி என்றால், அதிகம் போவது ஆர்-32-உம் ஆர்-125-உம், தங்குவது ஆர்-134ஏ. குளிர்விக்கும் திறன் குறைகிறது. மேலே புதுக் கலவையை ஏற்றினால் எடை சரியாகலாம், விகிதம் சரியாகாது. ஆர்-410ஏ-யில் இந்தப் பாதிப்பு மிகக் குறைவு. இருந்தாலும், எவ்வளவு போயிற்று என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஏற்றுவது அதற்கும் நல்லதல்ல.

இன்னொரு பொறி சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரின் மேல்பகுதியில் இருப்பது ஆவி, அதில் சீக்கிரம் கொதிப்பவரின் பங்கு அதிகம். அங்கிருந்து எடுத்தால் இந்த வீட்டு ஏசிக்குப் போவதும் தவறான கலவை, அடுத்த வீட்டுக்காகச் சிலிண்டரில் மிஞ்சுவதும் தவறான கலவை. ஆகவேதான் கலவை வாயுவைத் திரவமாகவே எடுக்க வேண்டும் என்பது விதி. உள்ளே அடிவரை குழாய் போகும் சிலிண்டரானால் நிமிர்த்தி வைக்கலாம், இல்லாவிட்டால் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். அப்போதும் கம்ப்ரசருக்குள் திரவம் பாய்ந்து அதை உடைத்துவிடாதபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும்.

கேஸ் ஏற்ற ஆள் வந்தால்

• அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். எந்த வாயு, எத்தனை கிராம் என்று அதில் எழுதியிருக்கும். சிலிண்டரில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

• மூடிய சுற்றில் வாயு தானாகத் தீராது. குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். ஃப்ளேர் நட்டுகளில் சோப்பு நுரை வைத்தாவது ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் மற்ற வேலை.

• சறுக்கல் உள்ள கலவை கணிசமாகக் கசிந்திருந்தால், மிச்சத்தை வேறு சிலிண்டரில் இறக்கிவிட்டு, வேக்யூம் போட்டு, எடை மெஷினில் வைத்துப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள்.

• மலிவு கேஸ் வேண்டாம். 2011-ல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். காரணம், ஆர்-134ஏ என்ற பெயரில் போன போலி வாயுவில் இருந்த மெத்தில் குளோரைடு. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே பற்றும் பொருளாகிவிட்டது.

• தீப்பிடிக்காத வாயுவுக்காகச் செய்த ஏசியில் சமையல் கேஸையோ புரொப்பேனையோ ஏற்ற யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

குறையே குணமாகும் இடம்

இதுவரை சறுக்கலை வில்லனாகவே பார்த்தோம். காட்சி மாறும் இடம் ஒன்று உண்டு.

ஹீட் பம்ப்பில் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுகிறோம் என்று வையுங்கள். 25 டிகிரியில் உள்ளே வரும் தண்ணீர் 55 டிகிரியில் வெளியேற வேண்டும். ஒரே வெப்பநிலையில் திரவமாகும் சுத்தமான வாயு என்றால், அது 55-க்கும் மேலே ஓர் அளவில் நின்றுகொண்டிருக்க வேண்டும். தண்ணீர் 25 டிகிரியாக இருக்கும் முனையிலும் அதே சூடு. அங்கே இருக்கும் பெரிய இடைவெளி முழுவதும் வீண். அந்த வீணுக்கும் சேர்த்துத்தான் கம்ப்ரசர் மின்சாரம் தின்கிறது. கலவையோ திரவமாகும்போது வெப்பநிலை இறங்கிக்கொண்டே வரும். தண்ணீரை அதற்கு எதிர்த்திசையில் ஓட விட்டால், ஒன்று இறங்க இன்னொன்று ஏற, இரண்டும் சிறிய இடைவெளியில் பக்கத்துப் பக்கத்திலேயே நடக்கும். சறுக்கலும் தண்ணீரின் ஏற்றமும் பொருந்தினால் மின்சாரம் மிச்சம்.

ஜெர்மானியப் பொறியாளர் ஹான்ஸ் லோரென்ஸ் 1890-களிலேயே இந்தக் கருத்தைச் சொல்லிவிட்டார். சூடாகும் பொருளின் வெப்பநிலை மாறிக்கொண்டே போனால், சூடாக்கும் பொருளும் கூடவே மாறுவதுதான் சிக்கனம் என்றார். 1975-ல் இன்னொரு லோரென்ஸும் மொய்ட்ஸ்னர் என்பவரும் ஃப்ரிட்ஜில் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரே கலவை முதலில் ஃப்ரீசரில் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும், பிறகு கீழ் அறையில் கூடுதல் வெப்பநிலையில் கொதித்து முடிக்கும். 20 சதவீத மின்சாரம் மிச்சமாயிற்று என்று அறிவித்தார்கள்.

சாதாரண ஏசியில் இந்த லாபம் கிடைப்பதில்லை. அதன் காயிலில் காற்று குறுக்கே பாய்கிறது, எதிரே அல்ல. அதோடு, கலவை கொதிக்கும்போது சுத்தமான வாயு அளவுக்கு வேகமாக வெப்பத்தை வாங்காது. அதை ஈடுகட்டப் பெரிய காயில் வேண்டும். எந்திரத்தைக் கலவைக்கேற்ப வடிவமைத்தால்தான் சறுக்கல் வரம். பழைய எந்திரத்தில் கொட்டினால் சுமை.

அந்த வரத்தை முழுதாக அனுபவிப்பவர்கள் இயற்கை எரிவாயுவைத் திரவமாக்குபவர்கள். மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதன் பருமன் 600-ல் ஒரு பங்காகும்; கப்பலில் ஏற்றலாம். ஆரம்பத்தில் இதைப் படிப்படியாகச் செய்தார்கள்: புரொப்பேனால் ஒரு படி, எத்திலீனால் ஒரு படி, மீத்தேனால் ஒரு படி. எரிவாயு குளிர்வதோ சரிவுப்பாதை போல. படிக்கட்டுக்கும் சரிவுக்கும் இடையே விழும் ஒவ்வொரு முக்கோணமும் வீணான ஆற்றல். 1959-ல் சோவியத் விஞ்ஞானி கிளீமென்கோ, பல வாயுக்களைக் கலந்து ஒரே ஓட்டத்தில் அந்தச் சரிவை ஒட்டியே இறங்கலாம் என்று காட்டினார். நைட்ரஜன், மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன் கலந்த ஓட்டத்தோடு, புரொப்பேனால் முன்குளிர்விப்பும் செய்யும் முறை 1972-ல் புருனேயில் பெரிய ஆலையாக ஓடத் தொடங்கியது. இன்று உலகின் எரிவாயு ஆலைகளில் பெரும்பகுதி ஏதோ ஒரு வகையில் கலவையால்தான் குளிர்விக்கிறது. எண்ணூரில் வந்து இறங்கும் திரவ எரிவாயுவுக்குப் பின்னாலும் இந்த வேதியியல் இருக்கிறது. இதைப் பற்றி உலகெங்கும் படிக்கப்படும் நூல்களில் ஒன்றை எழுதியவர், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. வெங்கடரத்னம். 2008-ல் வெளியானது.

கூட்டணியில் வென்று தனித்து ஆட்சி

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்னால் 'ஆர்-600ஏ' என்று இருக்கிறதா? அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் உறவுக்காரர். இவர் வீட்டுக்குள் வந்ததே ஒரு கூட்டணியின் தோளில் ஏறித்தான்.

ஜெர்மனி ஒன்றான பிறகு, கிழக்குப் பகுதியின் ஷார்ஃபன்ஸ்டைன் ஊரில் இருந்த பழைய ஃப்ரிட்ஜ் ஆலை மூடும் நிலையில் கிடந்தது. டோர்ட்மண்ட் நகரச் சுகாதார ஆய்வுக்கூடத்தில், புரொப்பேனையும் ஐசோபியூட்டேனையும் கலந்து குளிர்விக்கலாம் என்று சோதித்து வைத்திருந்தார்கள். கிரீன்பீஸ் சூழலியல் இயக்கம் இருவரையும் இணைத்து வைத்து, 1992-ல் மாதிரிக்குப் பத்து ஃப்ரிட்ஜ்கள் செய்யச் சொல்லிப் பணம் கொடுத்தது. பெரிய கம்பெனிகள், வீட்டுக்குள் வெடிகுண்டா என்று மிரட்டின. மக்கள் வரிசையில் நின்று முன்பதிவு செய்தார்கள். 1993-ல் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. மிரட்டிய கம்பெனிகளும் பின்னாலேயே வந்து சேர்ந்தன.

ஒரே காயிலால் குளிரும் ஃப்ரிட்ஜில் சறுக்கலால் லாபமில்லை. அழுத்தம் குறைவான ஐசோபியூட்டேன் மட்டும் இருந்தால் கம்ப்ரசர் சத்தமும் குறையும். ஆகவே புரொப்பேனை விலக்கிவிட்டார்கள். ஐசோபியூட்டேன் இன்று தனித்தே ஆள்கிறது.

கலவை வேறு வகையிலும் பாலம் போடும். ஆர்-12 ஒழிக்கப்பட்டபோது, பழைய எந்திரங்களில் ஆர்-134ஏ-வை நேராக ஊற்ற முடியவில்லை. உள்ளே இருந்த கனிம எண்ணெயோடு அது கலக்காது, எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பாது. 2000-களின் முதல் பாதியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆர்-134ஏ-வோடு சிறிதளவு ஐசோபியூட்டேன், புரொப்பேன் சேர்த்துப் பார்த்தார்கள். எண்ணெயை மாற்றாமலே பழைய எந்திரம் ஓடியது. ஹைட்ரோகார்பன்கள் எண்ணெயைக் கைபிடித்து அழைத்து வந்தன.

அடுத்த கூட்டு

அமெரிக்காவில் 2025 முதல் புதிய வீட்டு ஏசிகளில் ஆர்-410ஏ கிடையாது. அதன் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் ஆர்-454பி: ஆர்-32 சுமார் 69 சதவீதம், மீதி ஆர்-1234ஒய்எஃப். சூடாக்கும் அளவு 466. ஐரோப்பாவில் 150-க்கும் கீழே போகச் சொல்லும் விதிகள் வந்துவிட்டன. அதற்காகப் பிறந்த ஆர்-455ஏ-வில் 3 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடே உறுப்பினர். யாரை அளவுகோலாக வைத்து மற்றவர்களைக் குற்றம் சொன்னோமோ, அவரே உள்ளே வந்துவிட்டார்! ஆனால் சறுக்கல் பத்து டிகிரியைத் தாண்டுகிறது. சூடாக்கும் எண் இறங்க இறங்கச் சறுக்கல் ஏறுகிறது.

ஆர்-1234ஒய்எஃப் மீது இன்னொரு வழக்கும் இருக்கிறது. காற்றில் சில நாட்களிலேயே சிதைந்துவிடும், அதனால்தான் பூமியைச் சூடாக்குவதில்லை. சிதைந்து டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலமாகி மழையோடு தரையிறங்குகிறது. அது எளிதில் அழியாது. 2023-ல் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள், இத்தகைய அழியாத ஃப்ளூரின் சேர்மங்களுக்குத் தடை கோரி ஐரோப்பிய ரசாயன முகமையிடம் முன்மொழிவு வைத்தன. பட்டியலில் எட்டாவது நிபந்தனை எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தியா கிகாலித் திருத்தத்தை 2021-ல் ஏற்றது. 2028-ல் இந்த வாயுக்களின் பயன்பாடு அதற்கு மேல் கூடாமல் நிற்க வேண்டும். 2032-ல் 10 சதவீதம், 2037-ல் 20, 2042-ல் 30, 2047-ல் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இன்று வாங்கும் ஏசி இந்தப் படிகளுக்குள் பழசாகிவிடும். அதற்குப் பின் வருவது ஒற்றைப் புரொப்பேனாகவும் இருக்கலாம், மூவர் சேர்ந்த கலவையாகவும் இருக்கலாம்.

கலவையாக இருந்தால், ஆலையில் தசம சுத்தமாக அளந்து கூட்டிய விகிதம் நம் வீட்டுக் குழாய்க்குள் அப்படியே வந்து சேருமா என்பது விஞ்ஞானிகள் கையில் இல்லை. சன்ஷேடில் ஒற்றைக் காலில் நிற்கும் அந்த மனிதரிடம் எடை மெஷின் இருக்கிறதா, சிலிண்டரைக் கவிழ்க்கிறாரா, வேக்யூம் போட அரை மணி நேரம் காத்திருக்க நாம் விடுகிறோமா என்பதில் இருக்கிறது. "லைட்டா ஏத்திட்டா போதும்" என்று அவர் சொல்வதற்குப் பாதிக் காரணம், "சீக்கிரம் முடிங்க" என்று நாம் சொல்வதுதான்.